வெள்ளம் ஏறின வண்டி

போன செவ்வாய்க்கிழமை பாலக்காட்டில் ஒரு வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். மேஜையில் ஒரு காகிதம். அதில் என் பெயர், வயது, வீட்டு விலாசம் எல்லாம் அச்சாகியிருந்தது. கீழே பென்சிலில் ஒரு புள்ளி. அந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

என் தம்பி வாங்கிய காரைப் பற்றி நான்கு வரி சாட்சி. அவ்வளவுதான். எங்கள் பக்கம் இதற்கு சத்தியவாங்மூலம் என்று பெயர் — மலையாளத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட வார்த்தை. சத்தியம் என்று ஆரம்பிப்பதாலோ என்னவோ, பேனா எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"வீட்ல நிதானமாப் படிச்சுப் பாத்துட்டுப் போட்டுத் தரேன் சார்" என்றேன்.

"இதில் நோக்கான் எந்தா டீச்சரே?" என்று கேட்டார் வக்கீல். பார்ப்பதற்கு இதில் என்ன இருக்கிறது?

இருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்கு என் சமையல் சொதப்பலும், வீட்டுக்காரரின் குறட்டையும் பழக்கம். இந்த வாரம் சிரிக்க அதிகம் இருக்காது. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

தங்கவேலு எனக்கு ஒரே தம்பி. வயது முப்பத்தொன்பது. வீடு கஞ்சிக்கோட்டில், வேலை கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில். பதினான்கு வருஷமாக பைக்கில் போய் வந்துகொண்டிருந்தான். அந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும். வாளையார் செக்போஸ்ட், சிமெண்ட் தூசி, முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி, நடுவில் ஹெல்மெட் போட்ட ஒரு மனிதன். மழைக்காலத்தில் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று சுமதி போன் பண்ணும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது.

சுமதி அவன் மனைவி. என்னை 'நங்கையா' என்று கூப்பிடுவாள்; எங்கள் பக்கம் நாத்தனாருக்கு அந்தப் பெயர்.

கார் வாங்கலாம் என்று அவன் சொன்னபோது எல்லோருக்கும் சந்தோஷம். எந்தக் கார் என்று சொன்னபோதுதான் பிரச்சினை.

"ஏக்கா, எல்லாரும் வாங்கற மாதிரி டப்பா கார் எனக்கு வேண்டாம். சின்னதா இருக்கோணும், ஆனா மிதிச்சா பறக்கோணும். ஓட்டறதுக்குன்னு ஒரு வண்டி."

கையில் இருந்தது ஐந்தரை லட்சம். அதற்குப் பறக்கிற கார் புதிதாகக் கிடைக்குமா? செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். ஐந்து மாதம் தேடினான். டர்போ, டார்க், பிக்கப், அலாய் வீல்... தினமும் போன். நான் சாம்பார் தாளிக்கும்போதுதான் அவனுக்குப் பிஎச்பி ஞாபகம் வரும். இருபத்தேழு வருஷம் தமிழ் டீச்சராக இருந்த எனக்கு, ஒரு காரின் ஸ்டியரிங் உறையில் சிவப்பு நூல் தையல் இருந்தால் அது எதைக் குறிக்கும் என்று பாடம் நடத்தினான். ஒன்றையும் குறிக்காது என்பது என் கருத்து.

"நங்கையா, நீங்களாச்சும் சொல்லுங்க. நாலு பேரு ஒக்காந்து போற மாதிரி ஒண்ணு வாங்கச் சொல்லுங்க" என்பாள் சுமதி. நான் சொல்லவில்லை. பதினான்கு வருஷம் லாரிப் புகையைக் குடித்தவன், ஒரு ஆசைக்கு உரிமை இல்லாதவனா?

கடைசியில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. பெயர் வேண்டாம், வம்பு. ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல் நிறம் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு பாலக்காட்டில், சாம்பல் கோயம்புத்தூரில். இரண்டும் சின்ன வண்டிகள், இரண்டும் டர்போ, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு சனிக்கிழமை இரண்டையும் பார்த்து முடித்துவிடுவது என்று தீர்மானம். என்னையும் கூட்டிக்கொண்டு போனான். காருக்காக அல்ல, பாஷைக்காக. அவன் மலையாளம் மளிகைக் கடையோடு நின்றுவிடும். நான் பேசினால் பாலக்காட்டுக்காரர்களே என்னைத் தங்கள் ஆள் என்று நினைப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் ஸ்கூல் திறந்ததும் முதல் வகுப்பில் நான் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: வெள்ளம் என்றால் என்ன? எல்லையோரத்துப் பிள்ளைகள் — எல்லாக் கையும் மேலே போகும். "தண்ணி டீச்சர்." மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், தமிழில் வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. எங்களுக்கு வீட்டுக்குள் தண்ணி, வாசலைத் தாண்டினால் வெள்ளம். ஹோட்டலில் ஒரு கிளாஸ் வெள்ளம், சர்வீஸ் ஸ்டேஷனில் வண்டிக்கு வெள்ளம். நிஜ வெள்ளம் வந்தால்? அதற்கு டிவிக்காரர்கள் கற்றுக்கொடுத்த 'பிரளயம்' இருக்கிறது. இந்த ஜோக்கை இருபத்தேழு வருஷம் சொல்லி, இருபத்தேழு வருஷமும் வகுப்பு சிரித்தது.

சனிக்கிழமை காலை, சிவப்பு வண்டி. அதை விற்கிறவர் ஜிம் நடத்துகிற ஒரு சேட்டன். வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சைலன்ஸரை மாற்றியிருக்கிறாராம். தங்கவேலின் முகத்தைப் பார்க்க வேண்டுமே... கல்யாணத்தன்றுகூட அவன் அப்படிச் சிரிக்கவில்லை. கூட வந்திருந்த சுமதி பக்கத்தில் நின்றதால் நான் அதைச் சொல்லவில்லை.

கிளம்பும்போது சேட்டன் என்னிடம் ஒரு குறை சொன்னார். மேலே கண்ணாடிக் கூரை இருக்கிறதல்லவா, அதன் ஓரமாக — "மழயத்து இச்சிரி வெள்ளம் கேறும் சேச்சி. வேறே கொழப்பமொன்னும் இல்ல." மழை பெய்தால் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும், வேறு கோளாறு இல்லை. தம்பியிடம் சொன்னேன். "வெள்ளம்தானே, தொடச்சுக்கலாம்" என்றான்.

அங்கிருந்து மூன்று பேரும் பஸ் ஏறி கோயம்புத்தூர். ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் சாம்பல் வண்டி நின்றிருந்தது. அமைதியான வண்டி. சைலன்ஸர் கத்தவில்லை. விற்கிறவர் சென்னைக்காரர், வேலைக்காக இங்கே வந்தவர், நாற்பது வயது இருக்கும். கண்ணியமான பேச்சு. தங்கவேலும் சுமதியும் வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனார்கள். நானும் அவரும் கேட் ஓரமாக நின்றோம்.

"மேடம், ஒண்ணு சொல்லிடறேன், மறைக்கக் கூடாது. இது வெள்ளம் ஏறின வண்டி. கார்பெட், சீட் கவர் எல்லாம் புதுசா மாத்திட்டேன். அதனாலதான் இந்த விலை."

தமிழர். தமிழில் சொன்னார். தமிழ் டீச்சரிடம் சொன்னார்.

என் காதில் என்ன விழுந்தது தெரியுமா? தண்ணீர் ஏறியது என்று விழுந்தது. காலையிலிருந்து மலையாளத்திலேயே பேசிக்கொண்டிருந்த காது. ஏற்கெனவே ஒரு வண்டியின் கூரையில் வெள்ளம் ஒழுகிய ஞாபகம். இதற்கும் ஜன்னலோ கூரையோ ஒழுகியிருக்கும், கார்பெட் நனைந்திருக்கும் என்று மனசு தானாகவே முடித்துக்கொண்டது. கார்பெட் நனைந்ததற்கா ஒரு மனிதர் விலையைக் குறைப்பார் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அவர் இன்னொரு வாக்கியமும் சொன்னார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

திரும்பி வருகிற பஸ் வாளையாரில் லாரி வரிசைக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றது. அங்கேதான் முடிவானது. தம்பி ஜன்னலோரம், சுமதி நடுவில், நான் இந்தப் பக்கம்.

"சேப்புத்தான்க்கா மனசுல நிக்குது" என்றான்.

"இந்த வயசுல உனக்கு அந்தச் சத்தம் வேணுமா? தெருவே திட்டும்."

"சாம்பலும் நல்லாத்தான் இழுக்குது. அதுல ஏதாச்சும் குறை சொன்னாராக்கா?"

"கொஞ்சம் வெள்ளம் ஏறுச்சாம். கார்பெட்டெல்லாம் மாத்திட்டாராம்."

"அப்ப ரெண்டுலயும் வெள்ளம். அது கழிஞ்சு போச்சு" என்றான் தங்கவேலு.

கழிஞ்சு போச்சு! ஒரு கூரை ஒழுகலும் ஒரு வெள்ளமும் பஸ் சீட்டில் ஒன்றுக்கொன்று கழிந்து போயின. மிச்சம் இருந்தது சத்தம் மட்டும். சத்தமில்லாத வண்டியை வாங்கினோம். நான்தான் தேர்ந்தெடுத்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

நான்கு மாதம் அவன் சந்தோஷமாக இருந்தான். அதை நான் மறுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெருமாட்டியில் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நிற்பான். "ஏறுக்கா, மூணாவது கியர்ல ஒரு இழுப்பு காட்டறேன்." தென்னந்தோப்பு நடுவே அந்த ரோட்டில் என்ன இழுப்பு? எதிரில் ஒரு மாட்டு வண்டி வரும், அவன் பவ்யமாக ஓரம் கட்டுவான். எனக்குச் சிரிப்பாக வரும்.

அப்புறம் ஒரு புதன்கிழமை. மத்தியானம் மூன்று மணி, தூறல். கம்பெனியிலிருந்து சீக்கிரம் கிளம்பியிருக்கிறான். வாளையார் தாண்டி, இடது பக்க லேனில் வந்துகொண்டிருக்கும்போது — எல்லாம் நின்றுவிட்டது. இன்ஜின், ஸ்டியரிங், முன்னால் இருக்கிற மீட்டர், எல்லாம் ஒரே நொடியில். ஹஸார்ட் லைட் பட்டனை அழுத்தியிருக்கிறான். எரியவில்லை. ஹார்ன் அடித்திருக்கிறான். அதுவும் இல்லை. இடது ஓரத்துக்குத் தள்ளிவிடலாம் என்று கதவைத் திறந்து வலது காலைக் கீழே வைத்தான். உடம்பு இன்னும் உள்ளே.

பின்னால் வந்த லாரிக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். பிரேக் அடித்திருக்கிறார், ஒடித்திருக்கிறார். ஒரு விளக்குகூட எரியாமல் தூறலில் சாம்பல் நிறத்தில் ஒரு வண்டி நடுரோட்டில் நின்றால் அவர் என்ன செய்வார்? திறந்திருந்த கதவை மட்டும்தான் அடித்தது.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "எந்தக் காலுங்க நங்கையா? எந்தக் காலு?" அவளிடம் மூன்று தடவை சொல்லியிருந்தார்கள். நானும் சொன்னேன். மறுபடியும் கேட்டாள்.

வண்டியை கஞ்சிக்கோட்டில் ஒரு மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். டேஷ்போர்டைக் கழற்றினால் உள்ளே காய்ந்த சேறு, வயர் முனையெல்லாம் பச்சைப் பாசி பிடித்த மாதிரி. "இது பிரளயத்துல முங்கின வண்டிங்க. உங்களை ஏமாத்திப்போட்டாங்க" என்றார். பிரளயம். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்குக் கேட் ஓரத்தில் நின்ற அந்த மனிதரின் குரல் திரும்பக் கேட்டது. இந்த முறை சரியான தமிழில்.

தம்பி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே அவருக்குப் போன் பண்ணினான். வாயில் வரக் கூடாததெல்லாம் வந்தது. அவர் ஒன்றுதான் சொன்னாராம்: உங்க அக்காகிட்ட சொன்னேனே.

"ஏக்கா, அந்தாளு உங்கிட்டச் சொன்னானா?"

கேட்டது காலை இழந்து ஒன்பது நாள் ஆன என் தம்பி. முகம் வீங்கிக் கிடந்தது.

"கார்பெட் மாத்தினேன்னு சொன்னாரு" என்றேன்.

பொய் இல்லை. அதுதான் அதிலே இருக்கிற அசிங்கம். அந்தப் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு அவன் ஏழு மாதமாக அந்த மனிதரை வெறுத்துக்கொண்டிருக்கிறான். வக்கீலைப் பார்த்தான். கேஸ் எழுதினார்கள். அக்காதான் சாட்சி. காகிதத்தில் மலையாளத்தில் தெளிவாக அச்சடித்திருக்கிறது: 'வெள்ளப்பொக்கத்தில் பெட்ட வாகனமென்ன விவரம் மறச்சு வெச்சு' — வெள்ளத்தில் சிக்கிய வண்டி என்ற விவரத்தை மறைத்தார். பாருங்கள், மலையாளத்துக்கு வெள்ளம் வேறு, வெள்ளப்பொக்கம் வேறு. தமிழுக்குத் தண்ணீர் வேறு, வெள்ளம் வேறு. இரண்டு பாஷையும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. நடுவில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்குத்தான் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது.

இப்படி ஒரு நியாயத்தை எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வெள்ளிக்கிழமை கஞ்சிக்கோட்டுக்குப் போனேன். கையெழுத்துப் போடாத காகிதம் கைப்பைக்குள் இருந்தது.

தங்கவேலு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். செயற்கைக் கால் மூலையில் சாய்ந்து நின்றது, ஷூவோடு. போட்டால் புண்ணாகிறது என்று அன்றைக்குக் கழற்றி வைத்திருந்தான்.

"வாக்கா. இதைப் பாரு." போனைத் திருப்பினான். இரண்டு கார்கள். "ரெண்டும் ஆட்டோமேட்டிக். ஆக்ஸிலரேட்டரை எடது காலுக்கு மாத்திக் குடுக்கறாங்களாம், லைசென்ஸும் மாத்திக்கலாமாம். ஒண்ணு டர்போ, ஒண்ணு சாதா. ரெண்டுல எதுக்கா?"

அவன் என்னைக் கேட்டான். மறுபடியும் என்னைத்தான் கேட்டான்.

நான் உட்கார்ந்தேன். காகிதத்தை எடுத்து வைத்தேன். கேட் ஓரத்தில் அவர் சொன்ன வெள்ளத்தையும், நான் கேட்ட வெள்ளத்தையும், பஸ்ஸில் நான் சொன்ன வெள்ளத்தையும் சொன்னேன். அவன் போனை மடியில் கவிழ்த்து வைத்தான்.

"நீ பஸ்ஸுல வெள்ளமுன்னுதானே சொன்னே" என்றான். "எனக்கும் அது தண்ணியாத்தான் கேட்டுது. அப்ப யாரு பொய் சொன்னா? அவரும் சொல்லலை, நீயும் சொல்லலை. உம்மேல என்னக்கா தப்பு?"

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அவன்தான் என் தோளைத் தட்டினான். கால் போனவன், கால் இருக்கிறவளை.

"வக்கீல்கிட்ட வேண்டாமுன்னு சொல்லிப்போடறேன். அந்தாளைக் கண்டபடி பேசிப்போட்டேன், அவருக்கும் ஒரு போன் பண்ணோணும்" என்றான். சுமதி காபி கொண்டுவந்து வைத்தாள். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் இன்னும் ஒன்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயால் காபியைக் குடித்தேன். குடித்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்த இன்னொரு வாக்கியம். சென்னைக்காரர், கார்பெட் மாற்றியதைச் சொன்ன கையோடு இதையும் சொன்னார்:

"வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மெக்கானிக்கை வெச்சு வயரிங்கைப் பாத்துக்கச் சொல்லுங்க தம்பிகிட்ட."

எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. பஸ்ஸில் ஞாபகமும் இருந்தது. சொன்னால் என்ன ஆகும்? மெக்கானிக்கைத் தேட வேண்டும், இன்னொரு சனிக்கிழமை கோயம்புத்தூர் போக வேண்டும், மறுபடி சிவப்பா சாம்பலா என்று ஒரு மாதம் போன் வரும். ஐந்து மாதம் கேட்டுச் சலித்துப்போயிருந்தேன். கால் வலித்தது. பசித்தது. எப்படியாவது முடிந்தால் போதும் என்று இருந்தது. அதனால் சொல்லவில்லை. மெக்கானிக் டேஷ்போர்டைக் கழற்றியிருந்தால் சேறு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அந்தச் சிவப்பு வண்டியைப் போன மாதம் எங்கள் பக்கத்துச் சித்தூரில் பார்த்தேன். யாரோ வாங்கியிருக்கிறார்கள். தெருவே அதிர அதே சத்தத்தோடு போனது. நல்ல மழை. உள்ளே இருந்தவர் ஒரு துண்டால் கூரையைத் துடைத்துக்கொண்டே ஓட்டிக்கொண்டிருந்தார்.

இந்தப் பத்தி வருகிற அன்றைக்குக் காலையில் முதலில் படிக்கிறவன் தங்கவேலுதான். படித்துவிட்டு, "என்னக்கா, இந்த வாரம் உப்பு கம்மி" என்று போன் பண்ணுவான். இந்த வாரம் போன் வருமோ, வராதோ. நேரில் சொல்லத் தைரியம் இல்லாததை எழுத்தில் சொல்வது கோழைத்தனம்தான், தெரியும்.

நீ மன்னித்தது ஒரு வார்த்தையை, தங்கவேலு. வெள்ளத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. 'வயரிங்கைப் பாத்துக்கச் சொல்லுங்க' என்பதற்கு ஒன்றுதான்.